டொக்டரின் லைசன்ஸ் காசு கூடினால் மாட்டுக்காரருக்கு என்ன?

தயிர் உறையவில்லை என்றால் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் முதலில் பாலைப் பார்ப்பார்கள், அப்புறம் உறைமோரைப் பார்ப்பார்கள், கடைசியாகச் சட்டியைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டில் போன மாதம் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. இருபது சட்டிக்கு மேல் கடதாசி கட்டி வரிசையாக வைத்திருந்தார். காலையில் அவிழ்த்தால் மேலே மெல்லிய ஆடை, கீழே வெறும் பால். விரலை விட்டுக் காட்டினார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு எருமைகளுக்கு மடி வீக்கம் என்று முந்தின நாட்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். போட்டது அன்டிபயோட்டிக். அந்த மருந்து பாலில் வந்துகொண்டிருக்கும் நாட்களில் பாலை விற்கக் கூடாது, தயிரும் போடக் கூடாது. பாலை உறைய வைக்கும் நல்ல கிருமிகளையும் அது வளரவிடாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ஊசி போட்டவர் சொல்லவில்லை. அவர் பதிவு பெற்ற கால்நடை வைத்தியர்தானா என்றும் காக்காவுக்குத் தெரியாது. யாரோ போன் நம்பர் கொடுத்தார்கள், கூப்பிட்டார், வந்தார், அவ்வளவுதான்.

அன்று திண்ணையில் இருந்து பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். வெளிநாடொன்றில் கால்நடை வைத்தியர்களின் லைசன்ஸ் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கூட்டப் போகிறார்களாம். "இது இன்னொரு வரிதானே வாப்பா" என்றான் மகன். காக்கா என்னைப் பார்த்து, "தங்கச்சி, டொக்டர்மாருட காசைக் கூட்டினா அவங்க எங்கட தலையிலதானே கட்டுவாங்க?" என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது. உறையாத அந்தத் தயிருக்கும் லைசன்ஸ் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது அன்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

மரண சகாய சங்கத்துக் கொப்பி

எங்கள் ஒழுங்கையில் ஒரு மரண சகாய சங்கம் இருக்கிறது. என் அப்பா பல வருடம் அதன் பொருளாளர். நீல மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் வீட்டுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். காசு தந்தால் கட்டத்தில் ஒரு சரி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தக் காசில் பந்தல் வரும், கதிரை வரும், முதல் நாள் செலவுக்குக் கையில் கொஞ்சம் போகும்.

சந்தாவைப் பல வருடமாக யாரும் தொடவில்லை. அயலட்டை முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது என்று கொமிட்டியில் எல்லோருக்கும் ஒரு தயக்கம். பந்தல் வாடகையோ வருடா வருடம் ஏறியது. 2022 வந்தது. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பணவீக்கம் என்றால் சாமான்களின் விலை பொதுவாக ஒரு வருடத்தில் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு. அதாவது முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய 170 ரூபாய் வேண்டும். சங்கத்தின் பெட்டியில் இருந்த அதே காசுக்குப் பாதிப் பந்தல்கூட வரவில்லை. கடைசியில் ஒரே கூட்டத்தில் சந்தாவை இரட்டிப்பாக்கினார்கள். அன்று நடந்த சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. வருடத்துக்குப் பத்து ரூபாய் கூட்டியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

கால்நடை வைத்தியரின் லைசன்ஸ் கட்டணமும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது: பல வருடம் அசையாமல் கிடக்கும், பிறகு ஒரேயடியாகத் தூக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மரண சகாய சங்கத்தில் காசு கட்டுபவருக்கே பலன். லைசன்ஸ் கட்டணத்தில் கட்டுபவர் டொக்டர். பலன் போக வேண்டியது காக்காவுக்கும், அவருடைய தயிரைச் சாப்பிடுகிற எனக்கும். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள்.

பட்டம் ஒரு தரம், பதிவு வருடா வருடம்

ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை வைத்தியம் படித்துப் பட்டம் வாங்குகிறார் என்று வையுங்கள். பட்டம் அவர் படித்ததற்குச் சாட்சி. அதை வீட்டுச் சுவரில் மாட்டலாம், அது காலாவதி ஆகாது. ஆனால் பட்டம் இருப்பதாலேயே மாட்டுக்கு ஊசி போட வெளிக்கிட முடியாது. அதற்கு அவருடைய பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு என்பது, இந்தத் தொழிலைச் செய்ய இன்று யாருக்கு அனுமதி இருக்கிறது என்று சட்டப்படி வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல். அந்த அனுமதியைத்தான் பேச்சுவழக்கில் லைசன்ஸ் என்கிறோம்.

மோட்டார் சைக்கிள் ஓடப் பழகுவது ஒன்று, லைசன்ஸ் எடுப்பது இன்னொன்று. பழகியது போகாது. லைசன்ஸ் போகலாம்.

இலங்கையில் இந்தப் பதிவேட்டுக்கான சட்டம் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் அமைந்ததுதான் கால்நடை வைத்திய சபை. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்யும் அரச கால்நடை வைத்தியர் கல்லூரி (Royal College of Veterinary Surgeons) 1844இல் தொடங்கியது. அதன் இன்றைய அதிகாரம் 1966ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடம் அல்ல, பதிவேட்டை வைத்திருக்கும் இடம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தனிச் சபை.

புதுப்பித்தல் என்றால், பட்டியலில் பெயர் தொடர்ந்து இருப்பதற்காகக் குறித்த காலத்துக்கு ஒரு முறை விபரம் கொடுத்துக் கட்டணம் கட்டுவது. பிரிட்டனில் வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் முதலாம் தேதியை ஒட்டி. கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கட்டாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து எடுபடும். அதன்பிறகு எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஊசியைத் தொட்டால் சட்டமீறல். என் ஒன்றுவிட்ட தங்கை லண்டனில் ஒரு கால்நடைக் கிளினிக்கில் வேலை செய்கிறாள். மார்ச் மாதம் வந்தால் அங்கே டொக்டர்மாருக்குள் இதே பேச்சுத்தான் என்பாள்.

ஏன் புதுப்பிக்க வேண்டும், ஒரு தரம் பதிந்தால் போதாதா? பட்டியலில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே தொழில் செய்கிறார், அவர்மேல் வழக்கு ஏதும் முடிந்திருக்கிறதா என்றெல்லாம் தெரியாவிட்டால் பட்டியல் வெறும் கடதாசி. அதோடு தொடர் கல்வியும் இருக்கிறது. வேலைக்கு வந்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் அது. பிரிட்டனில் வருடத்துக்கு 35 மணித்தியாலம், கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 36 மணித்தியாலம்.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்து மாடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும் தோல் கழலை நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2020இல், வடக்கில். 1990களில் படித்து வெளிவந்த ஒரு டொக்டர் படிக்கும் காலத்தில் அந்த நோயை இங்கே ஒரு மாட்டிலும் கண்டிருக்க முடியாது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது 2024இல். படிப்பு பழையதாகவும் நோய் புதிதாகவும் இருந்தால் நடுவில் சாவது மிருகம்.

2022 டிசம்பரை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. ஈர நிலத்தில், கால்களை மடக்கிப் படுத்த படுத்தபடியே கிடந்தன. இது தொற்றா குளிரா, இறைச்சியைச் சாப்பிடலாமா கூடாதா என்று ஊரே கேட்டது. அந்தக் கேள்விக்கு மாதிரி எடுத்து, சோதித்து, பெயர் போட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் கால்நடை வைத்தியர். அந்தப் பெயரை நாம் நம்புவது பதிவேட்டை நம்பித்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பட்டம் படிப்புக்குச் சாட்சி, பதிவு தொழில் செய்ய அனுமதி. புதுப்பித்தல் அந்த அனுமதியை உயிரோடு வைத்திருக்கிறது. கட்டணம் அந்த வேலைக்கான செலவு.

சபை வேறு, சங்கம் வேறு

ஒரு சிறு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். டொக்டர்மாரின் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் குரல் கொடுப்பது சங்கம். அது உறுப்பினர்களுக்காக இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சபை பொதுமக்களுக்காக இருக்கிறது. சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். சபையில் பதிவது கட்டாயம். "டொக்டர்மார் தங்களுக்குள் காசு சேர்க்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் சங்கச் சந்தாவையும் பதிவுக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காசு எங்கே போகிறது

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் விளங்குவதற்காக நான் வைத்தவை, எந்த நாட்டுச் சபையின் கணக்கும் அல்ல.

ஒரு சபையில் 1,000 வைத்தியர்கள். ஆளுக்கு வருடம் 2,000 ரூபாய். மொத்தம் 20 இலட்சம். இரண்டு எழுதுவினைஞர்களுக்கு மாதம் 50,000 வீதம் வருடத்துக்கு 12 இலட்சம் போய்விட்டது. அலுவலக வாடகை, மின்சாரம், கணினி, கணக்காய்வு என்று 6 இலட்சம். மிச்சம் 2 இலட்சம்.

இப்போது முறைப்பாடு வருகிறது. ஒரு டொக்டர் கவனக் குறைவாக நடந்ததால் தன் பசு செத்தது என்று ஒருவர் எழுதுகிறார். சபை அதை எடுத்தால் சிகிச்சைக் குறிப்புகளை வரவழைக்க வேண்டும், அந்தத் துறையில் தேர்ந்த வேறொரு டொக்டரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டும், இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், பெரிய விஷயம் என்றால் சட்டத்தரணி வேண்டும். ஒரு முறைப்பாட்டுக்கு ஒரு இலட்சம் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டுதான் முடியும். மூன்றாவது முறைப்பாடு அலுமாரிக்குப் போகும். அடுத்த வருடம் அதன்மேல் இன்னும் நாலு ஏறும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். கட்டணம் போதவில்லை என்றால் அது யாருடைய கண்ணிலும் படாது. பதிவேடு இருக்கும், அலுவலகம் திறந்திருக்கும், போன் எடுப்பார்கள். முறைப்பாடு கொடுத்த மாட்டுக்காரருக்கு மட்டும் "விசாரணையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வரும், அதோடு சரி. அவர் டொக்டரைத் திட்டுவார், சபையைத் திட்டுவார், கடைசியில் முறைப்பாடு கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்று ஊருக்கே சொல்வார். அந்த டொக்டர் பிழையே செய்யாதவராக இருந்தால் அவருக்கும் இதே தண்டனைதான். தலைக்கு மேல் ஒரு முறைப்பாடு தொங்க, தீர்ப்பு வராமல் இரண்டு மூன்று வருடம் தொழில் செய்ய வேண்டும்.

அதே கணக்கில் கட்டணத்தை 500 ரூபாய் கூட்டினால் 5 இலட்சம் வரும். அதில் இன்னும் ஐந்து முறைப்பாடு முடியும். 500 ரூபாய் என்ற எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த ஐந்து கோப்புகளை யாரும் பார்ப்பதில்லை.

அப்போது இது வரியா?

காக்காவின் மகன் கேட்ட கேள்வி. வரி என்பது பொதுப் பெட்டிக்குப் போகும் காசு. கட்டியவருக்கும் செலவாகும் வேலைக்கும் நேர் முடிச்சு இருக்காது. நாம் வருடா வருடம் வாகனத்துக்கு எடுக்கும் வருமான அனுமதிப் பத்திரம் அப்படித்தான்: மாகாண சபையின் வருமானமாகச் சேர்ந்து, பாடசாலைக்கோ பாலத்துக்கோ எதற்கும் போகலாம். கட்டணம் என்பது ஒரு குறித்த வேலைக்காக வாங்கி அந்த வேலைக்கே செலவழிப்பது.

கலிபோர்னியாவில் இந்தப் பிரிப்பைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். அங்கே கால்நடை மருத்துவச் சபை நடப்பது பொது வரிப் பணத்தில் அல்ல. லைசன்ஸ் பெற்றவர்களும் விண்ணப்பிப்பவர்களும் கட்டும் காசு ஒரு தனி நிதியில் சேர்ந்து, அதிலிருந்து நடக்கிறது. பிரிட்டனிலும் கல்லூரியின் வருமானத்தில் பெரும் பங்கு இந்தக் கட்டணங்கள்தான்.

ஆகவே "இது வரியா" என்று கேட்பதைவிட, "வாங்கிய காசு அந்த வேலைக்கே போகிறதா" என்று கேட்பது பயன் தரும். எங்கேயாவது கட்டணம் கூடி, விசாரணை வேகம் கூடவில்லை என்றால், கட்டணத்தின் பெயரில் வரி வாங்குகிறார்கள் என்று சந்தேகப்பட டொக்டர்மாருக்கு முழு நியாயமும் உண்டு.

ஏன் ஒரேயடியாகத் தூக்குகிறார்கள்

கட்டணம் பெரும்பாலும் சட்டத்திலோ ஒழுங்குவிதியிலோ எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஒழுங்குவிதி என்பது ஒரு சட்டத்தின் கீழ் நடைமுறைக்காக எழுதும் சிறு விதி. இலங்கையில் பொதுவாக அப்படி ஒன்றை மாற்ற அமைச்சர் கையெழுத்திட வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும், பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். நூறு ரூபாய் கூட்ட இத்தனை படி ஏற யார் முன்வருவார்கள்? அதனால் தள்ளிப் போடுகிறார்கள்.

கலிபோர்னியாவில் சட்டம் ஒரு உச்ச வரம்பைப் போட்டு வைத்திருக்கிறது. வரம்புக்குள் கூட்டுவதாக இருந்தால் சபையே ஒழுங்குவிதி மூலம் செய்யலாம். வரம்பைத் தொட்டுவிட்டால் சட்டசபைக்குப் போய்ச் சட்டத்தையே திருத்த வேண்டும். அதுவரை சபை தன் இருப்பு நிதியைக் கரைக்கும். இருப்பு நிதி என்றால் கெட்ட காலத்துக்கென்று ஒதுக்கிய காசு. மரண சகாய சங்கத்தில் ஒரே மாதத்தில் மூன்று சாவு வந்தால் எடுப்பதற்கு வைத்திருப்பது மாதிரி. அது அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் கட்டணத்தைக் கூட்டும் பேச்சே எழும்பும். அப்போது ஓடுகிற செலவுக்கும் வேண்டும், கரைந்த இருப்பை நிரப்பவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்கும்போது அது அநியாயம் மாதிரித் தெரிகிறது.

சுருக்கினால், திடீர் உயர்வு பெரும்பாலும் பல வருடத் தள்ளிப்போடலின் கணக்கு. சபை அதைச் சிறு சிறு படியாகச் செய்யாதது அதன் குறை. அந்தக் குறையைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

எங்கள் ஊசிக் காசு கூடுமா

காக்காவின் கேள்விக்கு வருவோம். இதுவும் கற்பனைக் கணக்குத்தான். கட்டணம் வருடத்துக்கு 3,000 ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். டவுனில் சொந்தக் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து மிருகம் பார்க்கிறார், வருடத்தில் 250 நாள் வேலை. மொத்தம் 2,500 மிருகம். ஒன்றுக்கு 1 ரூபாய் 20 சதம். அவர் முழுவதையும் நம் தலையில் கட்டினாலும் அது ஒரு டொபியின் விலைக்குக்கூட வராது.

இங்கே மாட்டுக்காரர்களில் நிறையப் பேர் போவது அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு. அங்கே டொக்டருக்குச் சம்பளம் பொதுப் பணத்தில். அவருடைய பதிவுக் கட்டணம் கூடினால் நாம் கொடுக்கும் காசு அதனால் மாறுவதற்கு வழியே இல்லை. ஊசிக் காசை உண்மையில் ஏற்றுவது மருந்தின் இறக்குமதி விலை, ரூபாயின் மதிப்பு, கன்று ஈன முடியாமல் தவிக்கும் ஒரு பசுவுக்காக டவுனிலிருந்து வெருகல் வரை போய்வரும் பெற்றோல்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு டொக்டர் தம்பலகாமத்தில் அயலட்டை மாடுகளை மட்டும் பார்க்கிறார், வருடத்துக்கு நூறு. அவருக்கு அதே 3,000 ரூபாய் மாட்டுக்கு 30 ரூபாய். அவர் பாதிப் பேரிடம் காசே வாங்குவதில்லை. ஒரு நாள் அவர் "இனிப் பதிவைப் புதுப்பிக்கவில்லை" என்று விட்டுவிட்டால் அந்த ஊர் ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடும்? அந்த மோட்டார் சைக்கிள்காரரைத்தான்.

எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைப்பது எழுதச் சுலபம். அதன் பாரம் குறைவாகச் சம்பாதிப்பவர்மேல் கூடுதலாக விழுகிறது. பிள்ளை பெற்று ஒரு வருடம் வீட்டில் இருக்கும் டொக்டருக்கும், முதல் வருடம் வேலைக்கு வந்தவருக்கும், கிராமத்தில் கறவை மாடு பார்ப்பவருக்கும், டவுனில் நாய் பூனை பார்ப்பவருக்கும் ஒரே தொகை என்றால் முதல் மூவரில்தான் ஆட்கள் குறைவார்கள். அவர்கள்தான் நமக்கு அதிகம் தேவை.

யார் சுமப்பது

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கட்டணம் செலவோடு சேர்ந்து ஏறத்தான் வேண்டும். ஏறாத கட்டணம் டொக்டருக்குச் செய்யும் உபகாரமும் இல்லை, மாட்டுக்காரருக்குச் செய்யும் உபகாரமும் இல்லை. ஆனால் சபையின் முழுச் செலவையும் தனித்தனி டொக்டரின் பையிலிருந்தே எடுப்பது இனியும் சரியா என்று எனக்குச் சந்தேகம்.

பிரிட்டனைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது கிளினிக் என்றால் டொக்டருக்குச் சொந்தமானது. அதனால் சட்டம் ஆட்களை ஒழுங்குபடுத்தியது, வியாபாரத்தை ஒழுங்குபடுத்தவில்லை. இன்று நிலைமை வேறு. அந்த நாட்டுப் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை 2024இல் சொன்னபடி, 2013இல் பெரிய நிறுவனக் குழுமங்களிடம் இருந்த கிளினிக்குகள் ஏறக்குறைய 10 சதவீதம். பத்து வருடத்தில் அது கிட்டத்தட்ட 60 சதவீதம். விலையை நிர்ணயிப்பது நிறுவனம், பதிவேட்டில் பெயர் இருப்பது சம்பளத்துக்கு வேலை செய்யும் டொக்டர், பிழை என்றால் விசாரணைக்குப் போவதும் அவர். என் தங்கை வேலை செய்யும் இடத்தின் முதலாளிகள் மாட்டை நேரில் கண்டிருப்பார்களோ தெரியாது என்கிறாள். நிறுவனமும் தன் பங்குக்கு ஒழுங்குக்கு உட்பட்டு, அந்த ஒழுங்கின் செலவிலும் பங்கெடுத்தால் தனி ஆளின் பாரம் தானாகக் குறையும்.

இன்னொன்று பதிவில்லாமல் ஊசி போடுபவர்களின் விஷயம். இதைப் பலர் தலைகீழாக விளங்கியிருக்கிறார்கள். "சபை ஏன் அவர்களைப் பிடிக்கவில்லை?" என்பார்கள். சபையின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது. பட்டியலிலேயே இல்லாதவரின் பெயரை எங்கிருந்து எடுப்பது? அவர் செய்வது சட்டமீறல். பொலிசும் நீதிமன்றமும் வர வேண்டிய இடம் அது. கலிபோர்னியா மாதிரிச் சில இடங்களில் லைசன்ஸ் இல்லாமல் தொழில் செய்பவர்மேல் நடவடிக்கை எடுக்கும் வேலையையும் சபையே செய்கிறது. அப்படியானால் முறையாகப் பதிந்து காசு கட்டுபவர், பதியாமல் தொழில் செய்பவரைத் தேடிப் பிடிக்கும் செலவையும் கட்டுகிறார். இந்த ஒரு பகுதியைப் பொதுப் பணத்தில் செய்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அதன் பலன் பால் குடிக்கும் எல்லோருக்கும்.

முழுவதையும் அரசாங்கமே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுக்கலாம். ஆனால் காசைத் தருபவர் கையில் கழுத்தும் இருக்கும். ஒரு வருடம் வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டினால் விசாரணை நின்றுவிடும், செல்வாக்கானவர்மேல் முறைப்பாடு வந்தால் தொலைபேசி அழைப்பு வரும். சபை தன் காலில் நிற்க டொக்டர்மாரின் கட்டணம் உதவுகிறது என்பதை டொக்டர்மாரே பெரிதாகச் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள்மேல் மரியாதை கூடும்.

போத்தல்

இவ்வளவையும் அன்று திண்ணையில் சொல்லி முடித்தபோது காக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்ப தங்கச்சி, நான் இப்ப என்ன செய்யிற?"

இனி ஊசி போட வருபவரிடம் பெயரையும் பதிவு இலக்கத்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். பதிவு பெற்றவர் அதைக் கேட்டால் கோபிக்க மாட்டார். அப்புறம் தேதி, எந்த மிருகம், என்ன மருந்து, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும். முறைப்பாடு என்று போனால் இந்த வரிகள்தான் சாட்சி. மருந்து வெறுமையானாலும் போத்தலை எறியக் கூடாது.

"போத்தல்" என்றதும் மகன் எழும்பிப் பட்டிக்குப் போனான். வேலியோரம் சாணத்துக்குள் கிடந்ததைக் கொண்டுவந்து கிணற்றடியில் கழுவினான். லேபல் ஒரு பக்கம் உரிந்திருந்தது. பாலை எத்தனை நாளைக்கு விற்கக் கூடாது என்ற வரி மட்டும் சின்ன எழுத்தில் அப்படியே இருந்தது. அவன் அதை வாசித்துச் சொல்ல, காக்கா ஊசி போட்ட நாளிலிருந்து விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்.